பலகையில் மாட்டிய சாவி

என் தங்கை புருஷனுக்குச் சட்டையைக் கண்ட இடத்தில் கழற்றி மாட்டுகிற பழக்கம், ஐயா. "ஒருநாள் உங்க மாப்பிள்ளை தன்னையே எங்கயாவது மாட்டிட்டு வந்துடப்போறார்" என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள்.

நானும் அவனும் வேலை பார்த்த லேசர் கூடத்துக்குள் போகிறவர்கள் கட்டுப்பாட்டு அறை வாசல் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவியை எடுத்துப்போக வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் லேசர் சுடாது. உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் சுட்டுவிடக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

அன்றைய சோதனையிலும் ஒன்றும் வராவிட்டால் கூடத்தை மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. என் ஆயுளில் பாதி அங்கேதான் போனது. கடுகளவு உருண்டைக்குள் எரிபொருளை உறையவைத்து, எல்லாப் பக்கமும் லேசரால் அடிப்போம். மேல்தோல் பிளாஸ்மாவாகிச் சிதறும். அந்த உதையில் உள்ளே இருப்பது நசுங்க வேண்டும். சரியாக நசுங்கினால் அணுக்கள் இணைந்து நியூட்ரான் மழை கொட்டும். கூடத்தில் நிற்பவன் பிழைக்கமாட்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது, பிசைந்த மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் ஒரு பக்கமாக நழுவிவிடும். எங்களுக்குத் தூறல்கூட விழுந்ததில்லை.

"ஒரு கதிர் கோணல், மச்சான். பிளாஸ்மா அந்த வெளிச்சத்தை வாங்காம திருப்பி எறியுது. போய் லென்ஸை நிமிர்த்திட்டு வரேன்" என்றான் மாப்பிள்ளை.

"உருண்டை உருகிடும் மாப்ளே."

"உருகினா உருகட்டும். அதென்ன நீங்க பெத்த புள்ளையா?"

அவன் பின்னாலேயே போனேன். உடை மாற்றும் அறையில் அவன் சட்டை தொங்கியது, பையில் சாவி. வெள்ளை அங்கிக்கு மாறியபோது மறந்திருக்கிறான். பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன்.

சற்று நேரத்தில் என் காதுக்கருவியில் அவன் குரல். "நேரா நிக்குது மச்சான். இப்ப பாருங்க, சும்மா பந்து மாதிரி சுருங்கும். இருங்க, வெளிய வந்துடறேன்."

திரையில் உறைந்த எரிபொருளின் விளிம்பு கசியத் தொடங்கியிருந்தது. சாவியைப் பலகையில் மாட்டினேன். பலகை நிறைந்திருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

மாப்பிள்ளை தன் காலாலேயே நடந்து வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

"ஜெயிச்சிட்டோமா, மச்சான்?"

"ஜெயிச்சிட்டோம் மாப்ளே."

அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அந்த வாரமே போய்விட்டான். தங்கை என்னோடு பேசுவதில்லை. அவள் துக்கம் அவளுக்கு; நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, ஐயா. எங்கள் சோதனை தோற்பதுதான் வழக்கம். அன்றும் தோற்றிருந்தால் அவன்மேல் ஒரு கீறல் விழுந்திருக்காது. தோற்கும் என்று நம்பித்தான் அழுத்தினேன்.

பிறகு ஏன் அழுத்துவதற்கு முன்னால் நியூட்ரான் எண்ணும் கருவியை உச்ச அளவுக்கு மாற்றி வைத்தாய் என்கிறீர்கள். பெரிதாக வந்தால் பதிவாகாமல் போய்விடக்கூடாதே, ஐயா.