திறந்த வாய்க்குச் சொன்ன முடிவு

உட்காருங்கள் மச்சான். இந்த அறையில் வேறு நாற்காலி கிடையாது. பல் டாக்டரை விசாரிக்க வந்தால் நோயாளியின் நாற்காலிதான் கிடைக்கும். காலை நீட்டிக்கொள்ளுங்கள், முதுகுக்கு நல்லது.

உங்கள் தங்கை வீங்கிய கன்னத்தோடும் ஒரு பையோடும் உங்கள் வீட்டு வாசலில் ஏன் வந்து நின்றாள் என்று கேட்கிறீர்கள். நீங்கள் போலீசில் காலம் தள்ளியவர், மழுப்பினால் பிடித்துவிடுவீர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அவளைத் திரும்பி வரச் சொல்ல உங்களால்தான் முடியும்.

எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. ஊசியைக் கண்டாலே உதறும் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பயம் தெளியட்டும் என்று, முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சொன்ன வேகத்தில் முடிவும் வந்து விழுந்துவிட்டது. மனிதர் அன்று மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தாராம். வாய் நிறையப் பஞ்சு, திட்டவும் முடியாது. கண்ணாலேயே என்னை எரித்தார். அந்த இடைவெளியில் ஊசியைப் போட்டேன், அவருக்குத் தெரியவே இல்லை. கோபம் வந்தால் பயம் தானாக எழுந்து போய்விடுகிறது என்று அன்று கண்டுகொண்டேன்.

பிறகு அதுவே என் வைத்திய முறை ஆகிவிட்டது. எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்குப் போய்விடுவேன், மருந்து வாங்கி வைப்பதைப் போல. கெடுதல் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் திரும்பி வந்து எனக்கு நன்றிகூடச் சொன்னார். குற்றவாளி யாரென்று தெரிந்ததால், அவன் படத்தின் ஆரம்பத்தில் காபி கலக்கும்போதே கை நடுங்குவதைக் கவனித்து ரசித்தாராம். மற்றவர்கள் கதையைப் பார்த்தார்கள், நான் நடிப்பைப் பார்த்தேன் என்றார். நான் பத்துப் பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டேன். மற்ற நோயாளிகள் யாரும் நன்றி சொல்லவில்லை. கூச்சமாக இருந்திருக்கும்.

மருந்துக்கடைக்காரர் பல் சுத்தம் செய்யத்தான் வந்தார். ஊசியே கிடையாது. அவருக்கும் சொன்னேன், முன்னெச்சரிக்கையாக. தபால்காரருக்கு அடைத்த பல் கல்லு மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒரு பெரிய படம் வந்த அன்று, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போன் போட்டு வரவழைத்தேன். அக்கறைதான். அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மச்சான். முதலில் புருவம் ஏறும். அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சும். கடைசியில் விளக்கை அணைத்தது போல ஆகிவிடும். திரையில் அப்படியொரு நடிப்பை நான் பார்த்ததில்லை.

வீட்டில் மட்டும் மூச்சு விட்டதில்லை. சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் படத்துக்குப் போவோம். எதிர்பாராமல் ஏதாவது நடந்தால் அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். வாரம் முழுக்க அந்த ஒரு பிடிக்காகத்தான் இருந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

அப்போதுதான் அந்தக் கப்பல் படம் வந்தது. நடுக்கடலில் கேப்டன் மாயமாகிறார். சமையல்காரர், கப்பல் டாக்டர், கேப்டனின் மனைவி, எல்லார் மேலும் கொலைச் சந்தேகம். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இவளுக்கோ கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. படம் பார்க்கும்வரை என் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். தாங்க முடியாமல் கடைசியில் வந்தாள், காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு. "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க," என்றாள். பண்ணினேன்.

ஊசி போட்டேன். மரத்துப்போனது. வாய் மூடாமல் இருக்க ரப்பர் கட்டையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தாள். ஒரு காதிலிருந்து கருவியை மெதுவாக எடுத்து, மூன்றே வார்த்தை சொன்னேன். கண் திறந்தது. ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பல் அழகாக வந்துவிட்டது, ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகமில்லை.

பையில் துணி வைக்கும்போது, பாதி மரத்த வாயோடு சொன்னாள்: "முடிவு தெரிஞ்சும் ரசிக்கலாங்கறீங்க. சரி, இருக்கட்டும். தெரிஞ்சு எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கலாம். தெரியாம பாக்கறது ஒரே ஒரு தடவைதாங்க. அந்த ஒரு தடவைய நீங்க எடுத்துக்கிட்டீங்க."

 

பல் எடுத்ததைச் சொன்னபோது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ஊசி போட்டு மரத்துப் போச்சுல்ல? அப்புறம் எந்த வலிக்கு மாப்பிள்ளை அதைச் சொன்னீங்க?" நல்ல கேள்வி. அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். இனி நடக்காது. நான் திருந்திவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வருவாள்.

ஆனால் வந்ததிலிருந்து இடது கன்னத்தை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிறீர்களே. காட்டுங்கள். ஆமாம், கடைவாயில் பெரிய சொத்தை. கொஞ்சம் வலிக்கும், ஊசி போட்டுவிடலாம். இந்தக் கட்டையைக் கடித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையில் எட்டிப் பார்ப்பது சினிமா டிக்கெட்டா? அந்தக் கப்பல் படமா? தங்கையை ஆறுதலாகக் கூட்டிப் போகிறீர்களாக்கும். நல்லது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

புருவத்தை இறக்குங்கள் மச்சான். உங்கள் கேள்வியை மதித்து, இந்தத் தடவை ஊசிக்கு முன்னாலேயே சொல்கிறேன், அதனால் இது வைத்தியம்தான். கேப்டன் சாகவே இல்லை.