இடது பக்கம் நின்னவன்

மட்டையைத் தரையில அடிக்காத தம்பி. அடிச்சா கடிகாரம் வேகமா ஓடாது. ரெண்டு நிமிஷத் தண்டனைன்னா ரெண்டு நிமிஷமும் இந்தக் கூண்டுக்குள்ள உக்காந்துதான் ஆகணும். நேரம் முடிஞ்சதும் கதவைத் திறந்துவிடுறது என் பொறுப்பு. எங்க ஊர்ல இந்த ஐஸ் ஹாக்கி மைதானத்துக்கு ஆளுக்கு ஒரு வேலை செய்வோம், எனக்கு இது. தண்ணி அங்க இருக்கு, குடி.

ரெஃப்ரிக்குக் கண்ணு இல்லையா? நல்லாவே இருக்கு. எங்க பையன் காலை நீ மட்டையால இழுத்ததைக் கடைசி வரிசையில பியரோகி கொழுக்கட்டை தின்னுக்கிட்டிருந்தவங்களே பாத்தாங்க. ஆனா உன் தப்பு அது இல்ல. அதுக்கு முன்னாடியே தப்புப் பண்ணிட்ட. பக், அந்தக் கறுப்பு வட்டு, உன்கிட்ட வந்ததும் ரெண்டு பேர் உன்மேல பாஞ்சாங்க. ரெண்டு பேர் உன்மேல வந்தா, உங்க ஆள் ஒருத்தன் எங்கயோ தனியா நிக்கிறான்னு அர்த்தம். அவன்கிட்டத் தள்ளியிருக்கணும். நீயோ ரெண்டு பேரையும் ஏமாத்திக் காட்டுறேன்னு மட்டையிலயே வச்சிருந்த. புடுங்கிட்டாங்க. அந்தக் கோவத்துல காலை இழுத்த.

சிரிக்காத. பக் வச்சிருக்கிறவன் பக்கையே பாக்கக் கூடாது. அது தன் மட்டையில இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியுமே! மத்தவங்க எங்க நிக்கிறாங்கன்னு பாக்கணும்.

எனக்கு என்ன தெரியும்னு கேக்குறியா? போன வருஷம் நீ மாகாண இறுதி ஆட்டம் ஆடினப்ப, கண்ணாடியை ஒட்டி உக்காந்திருந்தேன். அன்னிக்கும் இன்னிக்கு மாதிரிதான், கோல் ரெண்டுக்கு ரெண்டு, முடியப் போற நேரம். உங்க ரெண்டு பேருக்கு எதிர்ல ஒரே ஒரு தடுப்பாளன். இடது பக்கம் நின்னவன் மட்டையைத் தட்டித் தட்டி உன்னைக் கூப்பிட்டான். நீ குடுக்கல. நீயே அடிச்ச. தடுப்பாளன் கால்ல பட்டுது. அவங்க எடுத்துக்கிட்டுப் போய் உங்க கோல்ல போட்டாங்க.

அதைக்கூட விட்டுடலாம், அவசரத்துல யாருக்கும் புத்தி பிசகும். ஆனா உள்ள போய் கோச்கிட்ட என்ன சொன்ன? அவன் அந்த இடத்துலயே இல்ல, பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னான்னு சொன்ன. பேப்பர்காரன்கிட்டயும் அதையே சொன்ன. அப்புறம் அவன் காபி குடிக்கப் போனா, வாடா, இங்கயாச்சும் நேரத்துக்கு வந்துட்டியேன்னு சொந்த ஊர்க்காரங்களே சிரிச்சாங்க. ஸ்கேட்ஸைக் கழட்டி ஆணியில மாட்டினவன்தான், இன்னும் எடுக்கல.

பேரே ஞாபகம் இல்லையா? டெவின். டெவின் ஒலினிக். இந்த ஊர்லேருந்து போன வருஷம் உங்க டீமுக்கு ஆட வந்தவன். ம், இப்ப முகம் மாறுது.

முகத்தைத் திருப்பாம கேளு, நான் பொய் சொல்றவ இல்ல. நீ வெளிய வந்ததும் உங்க ஆளுங்க பக்கை நேரா உனக்கு அடிப்பாங்க. எங்க தடுப்பாளன் உன்மேல வருவான். இடது பக்கம் உங்க பதினேழாம் நம்பர் தனியா ஓடுவான். அவனுக்குக் குடு, கோல் உறுதி. ஆமா, எங்க ஊர் தோக்கும். தோக்கட்டும். ஆனா அந்த பாஸைக் குடுத்தியானா, அன்னிக்கும் குடுத்திருக்கலாம்னு இத்தனை பேர் முன்னாடி நீயே ஒத்துக்கிட்டதா ஆகும்.

குடுக்க மாட்டியா? நீயே அடிப்பியா? அடி. வலது தோளை இறக்கி, மேல் மூலையைப் பாத்துத்தான் அடிப்ப. நீ தோளை இறக்கும்போதே எங்க கோல் கீப்பர் அங்க கையை வச்சிருப்பான்.

அவனுக்கு யார் சொன்னாங்களா? அவன் அண்ணன்தான். கீப்பர் முதுகுல ஒலினிக்னு அவ்வளவு பெருசா எழுதியிருக்கு, ஆட்டம் முழுக்க நீ அதைப் பாக்கவே இல்ல பாரு. இன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து உன் தோளைப் பத்திப் பேசினாங்க. முட்டை பொரிச்சுப் போட்டுக்கிட்டே நானும் கேட்டேன்.

எழுந்திரு தம்பி. திறக்கிறேன்.