பச்சையம்மாள் தேய்த்த மட்டை

தம் அரிசி ஆலையின் நெற்களத்தை நமக்கு ஆடுகளமாக்கித் தந்துவிட்டு, நெல்லை எங்கே காயப்போடுவது என்று இன்றுவரை தவித்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அண்ணன் கவியரசன் அவர்களே! கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு மேடையேறியிருக்கும் அருமைத் தம்பி, வழக்கறிஞர் பகலவன் அவர்களே! மணலூர்பேட்டையிலிருந்தும் திருநாவலூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! பொங்கல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பந்தாட்டம் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! பரிசுக் கோப்பையின் மேல் வைத்த கண்ணை இன்னும் எடுக்காத ஆட்டக்காரப் பிள்ளைகளே! அத்தனை பேருக்கும் இந்தக் கள்ளக்குறிச்சிக் களத்தில் நின்று, கைகூப்பி, தலைதாழ்த்தி என் வணக்கத்தை வைக்கிறேன்.

நான் நிர்மலா. அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இருபத்தொன்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த கை, மூன்று ஆண்டுகளாக மட்டையும் பிடிக்கிறது. 'சுழற்சி நீடிக்கும் மட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. "பத்து நிமிஷம் பேசினா போதும் டீச்சர்" என்றார் தம்பி பகலவன். பத்து நிமிடமா? தமிழாசிரியைக்கா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மகளிர் இரட்டையர் ஆட்டம். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பெயர் இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியாது.

அங்கே ஓர் அம்மா கேட்கிறார், "அது இன்னா ஆட்டம்மா?" என்று. சொல்கிறேன் அம்மா. பெயர் பிக்கிள்பால். நாற்பத்து நான்கடி நீளம், இருபதடி அகலம், நடுவில் இடுப்பளவு வலை. ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் பந்து. கையில் ஒரு மட்டை. அவ்வளவுதான். ஓடி ஓடிச் சாக வேண்டியதில்லை, ஐம்பதைத் தாண்டிய என் முழங்காலும் ஆடும்.

ஆனால் அந்த மட்டையின் முகம் இருக்கிறதே, அதில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது! முகம் சொரசொரப்பாக இருந்தால் பந்தைக் கவ்வும். கவ்வினால் பந்து சுழலும். சுழன்றால் வலையைத் தாண்டிய மறுகணம் தலைகுப்புற விழும். எதிராளி கை நீட்டுவார், பந்து அங்கே இருக்காது! அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அனுபவித்தேன். மூன்றே மாதம்.

சென்ற ஆடி மாதம் சேலத்துக் கடை ஒன்றில் ஆறு மட்டைகளை எடுத்து வைத்தார்கள். வெண்டைக்காய் வாங்கினால் நுனி ஒடித்துப் பார்க்கிறவள் நான், விடுவேனா? விரலால் தடவினேன். புறங்கையால் தடவினேன். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன் ஐயா! கடைக்காரப் பிள்ளை பயந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டான். எது அதிகமாகக் கீறியதோ அதையே இரண்டு எடுத்தேன். ஒன்று எனக்கு. ஒன்று என் ஜோடிக்கு.

யார் அந்த ஜோடி? எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் தேய்த்து, அரிசி களைந்து, அடுப்பெரித்து, நானூறு பிள்ளைகளின் வயிறு நிறைத்த பச்சையம்மாள். நிலமில்லை, நீச்சில்லை, விடுமுறை நாளில் கரும்பு வெட்டப் போவார். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஒருநாள் காலை நான்காவது ஆள் வரவில்லை என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாகப் போனவர் ஓரமாக ஓடி வந்த பந்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். போட்டாரா? அடித்தார்! வெறுங்காலோடு களத்துக்குள் வந்தவர், இரண்டு ஆண்டுகள் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வலையோரம் அவர், பின்னால் நான். எனக்கு எட்டாத பந்து வரும்; நான் பதறுவேன்; முன்னாலிருந்து ஒரு குரல் வரும்: "வுடுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்!" அந்தக் குரல், அந்த ஒரு குரல், எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா? புருஷன் செத்துப்போய் ஏழு ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணிடம் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எனக்கு ஒருவர் இருந்தார்.

ஆயுத பூசை வந்தது. அன்று சாயங்காலம் பச்சையம்மாள் என் வீட்டு வாசலில் நின்றார். "டீச்சர், என் கருக்கருவா, கரண்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சி படைக்கிறேன். நம்ம மட்டைங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி? குடுங்க, படைச்சி எடுத்தாறேன்" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான், கொடுத்தேன். சந்தனம் குழைத்து முகம் முழுக்கப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, பூச் சார்த்திப் படைத்திருக்கிறார். மறுநாள் பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அவர் என்ன செய்வார்? பித்தளைச் செம்புக்கு எதைச் செய்வாரோ அதைச் செய்தார். புளி போட்டு, தேங்காய் நார் போட்டு, தேய் தேய் என்று தேய்த்தார்!

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் காலை புதுத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "எப்டி பளபளன்னு கீது பாருங்க டீச்சர்!" என்று முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார். ஆட்டம் தொடங்கியது. பந்து வழுக்கியது. சுழலவில்லை, விழவில்லை, நேராகப் போய் எதிராளியின் கையில் உட்கார்ந்தது. ஒரு புள்ளி போனது, இரண்டு போனது, ஆட்டத்தின் பதினொரு புள்ளியும் போனது. ஈசல் மாதிரி எனக்குக் கோபம் பொசுபொசுவென்று கிளம்பியது. களத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். அந்தப் பதினான்கு பேர் எதிரில், இந்த வாய், தமிழ் சொல்லிக் கொடுக்கிற இந்த வாய் சொன்னது: "பாத்திரம் தேய்க்கிற கையில மட்டையக் கொடுத்தா இப்படித்தான்!"

அவர் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. மட்டையைத் துண்டில் மறுபடி சுற்றி வலையோரம் வைத்தார். "செரிங்க டீச்சர்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் சத்துணவுக் கூடத்தில் பார்த்தால் ஆள் இல்லை. கூட வேலை செய்யும் சாலம்மாள்தான் சொன்னார்: "அவ மலைக்குப் பூட்டா டீச்சர். வெள்ளிமலையில ஏதோ ஆஸ்டல்ல சமைக்க ஆள் கேட்டாங்களாம்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'போகட்டும், மட்டையைக் கெடுத்தது அவர்தானே' என்று நினைத்தேன். அப்படியே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் தம்பி பகலவன் தம் மட்டையைக் கொண்டுவந்தார். அதே கடை, அதே வகை, அதே ஆடி மாதம். ஆயுத பூசைக்கு அவர் குடும்பத்தோடு கன்னியாகுமரியில் இருந்தார்; மட்டை பையிலேயே கிடந்தது. சந்தனம் படவில்லை, நார் படவில்லை, ஆடிய பந்து மட்டும்தான் பட்டது. தடவிப் பார்த்தேன். வழுவழு! என் மட்டை எப்படியோ அப்படியே! "டீச்சர், உங்க வழக்குல குற்றவாளி நிரபராதி" என்றார் வழக்கறிஞர். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாகவே கேட்டது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன், இளைஞர்களே, கவனியுங்கள்! சொரசொரப்பு இரண்டு வகை. ஒன்று, மேலே பூசிய பூச்சு. பெயின்டில் மணல்பொடி கலந்து அடித்த மாதிரி. கடையில் தடவும்போது அதுதான் அதிகமாகக் கீறும், அதுதான் நம் கண்ணைக் கட்டும். ஒவ்வொரு பந்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, மூன்று மாதத்தில் மொட்டையாகிவிடும். இன்னொன்று, கார்பன் இழைகளை நெய்த நெசவிலேயே இருக்கும் சொரசொரப்பு. தடவினால் மெல்லத்தான் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் துணியின் நெசவு மாதிரி வரி தெரியும். அதுவும் ஒருநாள் தேயும்தான், ஆனால் பல மாதம் தாங்கும். ஆகவே புது மட்டையைத் தடவி ஏமாறாதீர்கள். அதே வகை மட்டையில் ஆறு மாதம் ஆடியவர் யார் என்று தேடுங்கள், அவர் மட்டையைத் தடவிப் பாருங்கள்! அழுக்கானால் புளி வேண்டாம், நார் வேண்டாம். மட்டைக்கென்றே ரப்பர் கட்டி விற்கிறார்கள், அதைக் கொண்டு மெல்லத் துடைத்தால் போதும். என்ன தம்பி, குறித்துக்கொண்டாயா? நல்லது.

அந்த நெசவு மட்டையில் இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் பேருந்து ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை பார்த்தேன். இருபத்தொன்பது ஆண்டுகள் மேடையில் முழங்கியவள், ஒரு பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

விடுதிச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். "இன்னா டீச்சர் இம்மாந்தூரம்?" என்று மணையை எடுத்துப் போட்டார். டீ கொடுத்தார். நான் மட்டையை எடுத்து, பூச்சு என்றேன், நெசவு என்றேன், பகலவன் மட்டையைச் சொன்னேன், அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். "உன் மேல தப்பே இல்ல பச்சையம்மா, நீ தேய்ச்சதால கெடல" என்று முடித்தேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப, நான் தேய்ச்சிதான் கெட்டிருந்தா, நீங்க சொன்னது செரிங்களா டீச்சர்?" என்றார்.

அவையோரே, நீங்கள் சொல்லுங்கள்! என்ன பதில் சொல்வேன்? அவரே சொன்னார்: "அங்க பதினாலு பேரு எதிர்ல சொன்னீங்க. இங்க அடுப்பாண்ட யாரும் இல்லாதப்ப வந்து சொல்லிக்கினு கீறீங்க. டீய குடிங்க, ஆறிப்பூடும்." மட்டையை அவர் தொடவில்லை. பொங்கலுக்குப் போட்டி இருக்கிறது, வருவாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகவேதான் இன்று இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். மட்டையைப் பற்றிப் பேசவா வந்தேன்? இல்லை, தம்பி பகலவன் மன்னிக்க வேண்டும். அந்தப் பதினான்கு பேரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களோடு இன்னும் நானூறு பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் கேளுங்கள்! பச்சையம்மாள் தேய்த்து மட்டை கெட்டதா கெடவில்லையா என்பது பேச்சே இல்லை. கெட்டிருந்தாலும் நான் சொன்னது தவறு. அந்தக் கை தேய்த்த தட்டில்தான் என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தக் கைதான் எனக்கு எட்டாத பந்துகளை எல்லாம் எடுத்தது. அந்தக் கையைப் பார்த்து நான் சொன்ன சொல்லை இதோ, ஒலிபெருக்கியில், உங்கள் அத்தனை பேர் எதிரிலும் திரும்பப் பெறுகிறேன். இரண்டு ஆண்டுகள் அவர் என்னை 'வாங்க' என்றார், நான் அவரை 'வா' என்றேன். அதையும் திரும்பப் பெறுகிறேன்.

அவர் வந்தாலும் இது இப்படித்தான், வராவிட்டாலும் இது இப்படித்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் வர வேண்டும். இரண்டு மாதமாக நான் நெசவு மட்டையால் ஆடுகிறேன். பந்து நன்றாகச் சுழல்கிறது, நன்றாக விழுகிறது. எட்டாத பந்து வரும்போது மட்டும் காது தானாக முன்பக்கம் போகிறது. அந்தக் குரல் வரவில்லை. எத்தனை மட்டை மாற்றினாலும் அந்தக் குரலுக்கு ஏங்குகிற ஏக்கம் எனக்குத் தீரவில்லை ஐயா. வேறொரு ஜோடியோடு ஆட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மணி வரை என் பெயருக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்று தலைவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

யாரது, கடைசி வரிசையில் எழுந்து நிற்பது? சாலம்மாளா? என்னம்மா, கையில் என்ன, போனா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"டீச்சர்! அவ போன்ல மொதல்லேர்ந்து கேட்டுக்கினுதான் கீறா! வெள்ளிமலையில பஸ்ஸு ஏறிட்டாளாம்!"

என்னது? மறுபடி சொல்லுங்கள். தயவுசெய்து அமைதி, கைதட்டாதீர்கள், எனக்குக் கேட்கவில்லை.

"பஸ்ஸு ஏறிட்டா டீச்சர்! வளைவுல எறங்கனா டவர் பூடுமாம், அதுக்குள்ள சொல்லச் சொன்னா. 'மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லல, பந்தடிக்க வரேன்னுதான் சொன்னேன். நான் வர்றதுக்குள்ள பேச்ச முடிக்கச் சொல்லு'ன்றா!"

முடித்துவிட்டேன் பச்சையம்மாள் அவர்களே, முடித்துவிட்டேன்! பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பெரியோர்க்கும், தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம். தம்பி பகலவன், பட்டியலைக் கொடுங்கள், நான் எழுத வேண்டும்.