பத்து வீட்டில் திறந்த பக்கம்

"நான் செஞ்ச வெப்சைட்ட உலகமே பாக்கலாம்டி. நேத்து எங்க லயத்துல வரிசையா இருக்குற பத்து வீட்டுக்காரங்களும் போன்ல தொறந்து பாத்தாங்க."

தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு இளம்பெண்கள். இப்படிச் சொன்னவள் அங்கே பஸ் மாறி, இரத்தினபுரியில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அது எதுலடி ஓடுது?" என்றாள் தோழி.

"வீட்டு கம்ப்யூட்டர்லதான். லினக்ஸ் போட்டு நானே ஓட விட்டிருக்கேன்."

"பத்து வீட்டுக்கும் ஒரே வைஃபைதானே? அதுக்குள்ள மட்டுந்தான் தொறக்கும். இப்ப ஒன் போன்ல பாரு."

பார்த்தாள். இரண்டு வளைவு தாண்டியும் திரை வெள்ளையாகவே இருந்தது.

"செஞ்சத காட்டுனாத்தான் வேலைன்னு கம்பெனில சொல்லிட்டாங்களே."

"அப்ப அவங்கள ஒங்க லயத்துக்கு வரச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து பெல்லை அடித்தாள்.

"எங்கடி போற? மேல போக இப்ப பஸ் இல்ல."

"நடந்து ஏறிக்கிறேன். இன்டர்வியூ ரெண்டு மணிக்குத்தான். கம்ப்யூட்டரத் தூக்கிட்டு அடுத்த பஸ்ல வந்துருவேன்."

"டிவி மாதிரி மானிட்டர் இருக்குமே, அதையுமா?"

"அது அவங்க ஆபிஸ்ல இருக்கும். பொட்டி மட்டும் போதும்," என்று சொல்லி இறங்கினாள்.