எரியாத மருந்து

யாராவது முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குழம்பில் உப்புக் கூடிப்போனாலும், என் மனைவி சகாயம்மாள் வருத்தப்படுவாளே என்று பேசாமல் சாப்பிட்டுவிடுவேன்.

மோகனூருக்குக் கீழே ஒரு பரிசல் துறை. அதற்கு மேலே உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு முப்பத்து நாலாம் வருஷம் கம்பவுண்டராக வந்தேன். டாக்டர் மாதத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். வருகிறவை பெரும்பாலும் பரிசல் காயங்கள். பரிசலுக்கும் கரைக்கல்லுக்கும் நடுவில் விரல் நசுங்கும். அடிப்பின்னல் விட்டுப்போய் மூங்கில் சிலாம்பு உள்ளங்காலில் ஏறும். சிலாம்பு ஏறினால் கீறி எடுத்து டிங்சர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தனுர்வாதம் வரும். தாடை பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து, ஆள் போய்விடுவான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் டிங்சர் நெருப்பாக எரியும். என்னைத் தூரத்தில் கண்டாலே பரிசல்காரர்கள் காலை மடக்கி மறைத்துக்கொள்வார்கள். மயில்சாமி என்ற பரிசல்காரன் துறையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "உங்ககிட்ட வாரதுக்கு எமங்கிட்டயே போயிரலாமுங்க." எல்லாரும் சிரித்தார்கள். காயத்தில் அடுப்புச் சாம்பலை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுவதும் ஒருவரும் என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போடவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

என் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிற டிங்சர் புட்டியைப் பற்றி, இப்போது வந்திருக்கிற புது டாக்டர் சொன்னது சரிதான். அதில் இருப்பது காசுக்கட்டி கரைத்த தண்ணீர். வெற்றிலையோடு போடுவோமே, அதே காசுக்கட்டி. நிறம் அப்படியே வரும். வாசனைக்கு இரண்டு சொட்டு டிங்சர் விடுவேன். கீறுவதையும் விட்டுவிட்டேன். வெளியே தெரிகிற முனையை மட்டும் கிள்ளிவிட்டு, வெள்ளைத் துணியால் அழகாகக் கட்டுவேன்.

ஒரே மாதத்தில் துறையே என் வாசலில் நின்றது. மயில்சாமி தன் கையாலேயே எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தான். "எரியவே இல்லீங்களே, மருந்த மாத்திப்புட்டீங்களா?" என்றான். புது மருந்து என்றேன்.

அடுத்த கோடையில் ராசப்பன் போனான். அவனும் பரிசல்காரன்தான்; சிலாம்பு ஏறிய அவன் காலுக்கும் நான்தான் கட்டியிருந்தேன். தாடை பூட்டிய அன்று போய்ப் பார்த்தேன். எதனால் என்று புரிந்தது. டிங்சர் ஊற்றியிருந்தாலும் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கூட்டாளிகள், "நீங்க என்னங்க பண்ணுவீங்க, சாமி" என்று என்னைத் தேற்றினார்கள். அதற்குப் பிறகு பழைய மருந்தை எப்படி எடுப்பது? எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

போன ஆடியில் மயில்சாமியின் மகள் சௌந்திரத்துக்குக் குதிகாலில் சிலாம்பு ஏறியது. ஒன்பது வயது. அரை விரல் ஆழம் இறங்கியிருந்தது. தாய் பெருமாயி தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்க கையின்னா புள்ள அழுவாதுங்க" என்றாள். சௌந்திரம் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல டிங்சர் அலமாரியில் இருந்தது. கத்தியும் பக்கத்தில் இருந்தது. கீறினால் அந்தச் சிரிப்புப் போய்விடும். காசுக்கட்டித் தண்ணீரை ஊற்றினேன்.

"எரியுதா, கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

பத்தாம் நாள் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் அக்கரையில் புதைத்தார்கள். பெருமாயி என் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நானும் அழுதேன். அந்தக் குழந்தைமேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஒருவரையும் நோகடிக்க நினைத்து நான் எதுவும் செய்ததில்லை, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது, அவளைக் கொண்டுபோன அதே பரிசலில் என் காலிலும் சிலாம்பு ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன். கத்தியால் ஆழமாகக் கீறி, சிலாம்பு முழுவதையும் எடுத்தேன். அலமாரியிலிருந்த நல்ல டிங்சரைக் காயம் நிறைய ஊற்றினேன். எரிந்த எரிச்சலில் என் முகம் எப்படிக் கோணியதோ தெரியாது. நல்ல வேளை, பார்க்க யாருமில்லை.