மாப்பிள்ளை மைக்கில் சொன்ன ஊசிக் கதை

ஹலோ… வஅலைக்கும் ஸலாம். ஓம், நான்தான். சொல்லுங்க… மெதுவாக் கதைங்க. இது கூட்டமில்ல, பொண்டாட்டிட ஃபோன். நான் செவிடுமில்ல.

…ஓம். ஓம், பார்த்தன். பார்க்காம எப்பிடி? ஊரெல்லாம் அந்த வீடியோவ எனக்கே அனுப்புது. "மிட்வைஃப் மிஸ், இது உங்கட மாப்பிள ஜெஸீம்தானே" எண்டு கேட்டுக் கேட்டு அனுப்புறாங்க. இல்ல எண்டு சொல்ல ஏலுமா? பச்சச் சேர்ட்டு, பெருநாளைக்கு நான் எடுத்துத் தந்தது.

…நானா? பாண்டிருப்பில நிக்கன். வெயிலுக்க, ஒரு ஊட்டு கேற்றுக்கு முன்னால. இண்டைக்கு கிளினிக். ரெண்டு மாச ஊசிக்கு ஒரு புள்ளையும் வரல்ல. டொக்டர் வந்து குந்தியிருந்து பார்த்திட்டுப் போயிட்டாரு. அதான் ஊடு ஊடாத் திரியிறன்… ஏன் வரல்லயா? நீங்க கேக்கிறீங்க? மெய்யா, நீங்களா கேக்கிறீங்க?

நேத்து ஊர்வலத்தில மைக்கப் புடிச்சிட்டு என்ன சொன்னீங்க? "தமிழாக்கள்ர ஆசுபத்திரிக்கு நம்மட பொம்புளைகள அனுப்பாதீங்க, ஊசிக்க மருந்து வச்சி புள்ள பெத்துக்க ஏலாமப் பண்ணுறாங்க." சொன்னீங்களா இல்லையா?… அப்ப நான் ஆரு? நானும் ஊசி போடுறவள்தானே. ஏழு வருசமா இந்தப் பாண்டிருப்புத் தமிழ்ப் புள்ளைகளுக்குப் போடுறவள். தமிழ் மிஸ் நமக்கு இப்பிடிச் செய்வா எண்டா, முஸ்லிம் மிஸ் நமக்கு என்ன செய்வா எண்டு அவங்க யோசிக்க மாட்டாங்களா? அந்தளவு யோசின உங்களுக்குத்தான் வரல்ல. பெரிய தலைவர்.

…ஆ. கருத்துச் சுதந்திரம். ஓம் ஓம், விளங்குது. பள்ளிவாசல் கூட்டத்தில பொம்புளைகளையும் கொஞ்சம் கதைக்க விடுங்க எண்டு சல்மா உம்மா கேட்டாவே, "பொம்புளைக்கு இதில என்ன கத" எண்டது ஆரு? அண்டைக்கு உங்கட சுதந்திரம் சலவைக்குப் போயிருந்ததா?

…தமிழாக்களும் கத்தினாங்கதான். நான் இல்லையெண்டல்லயே. போன கிழம சந்தியில நிண்டு நம்மளப் பத்தி நாறக் கத கதைச்சாங்க, எனக்கும் வயிறு எரிஞ்சது. அதுக்காக? அவன் சாக்கடைய அள்ளி எறிஞ்சா நீங்களும் கைய உட்டு அள்ளுவீங்களா?

அம்பாறையில கொத்துரொட்டிக்க புள்ள பெறாமப் பண்ணுற மாத்திர போடுறம் எண்டு சிங்கள ஆக்கள் நம்மட கடைய உடைச்சாங்களே, பள்ளிவாசலையும் அடிச்சாங்களே. அண்டைக்கு ஊட்டுக்க இருந்து அழுதீங்க. "ஒரு பொய்ய வச்சி இப்பிடியும் செய்வானுகளா ஸுஹைறா" எண்டு. அதே பொய்தான் இது. பேர மட்டும் மாத்தி மைக்கில சொல்லியிருக்கீங்க. சொந்தமா ஒரு பொய் சொல்லக்கூட மூள இல்ல.

…என்ன? திரும்பச் சொல்லுங்க… உங்களுக்கெதிராப் பொலிஸ்ல முறப்பாடு. ம்… ம். அதுக்கு நான் என்ன செய்ய?… வீடியோவா? நான் வந்து… யூனிஃபோமோட நிண்டு… "நானும் சுகாதாரத்திலதான் வேல செய்யிறன், என்ட மாப்பிள சொன்னது மெய், கண்ணால கண்டன்" எண்டு சொல்லணும். அல்லாஹ்வே. ஆரு சொல்லித் தந்தது இத? உங்கட கூட்டாளி முஸ்தாக்கா? அவன்ட பொண்டாட்டிய நிக்கச் சொல்லுங்க.

…நான் எதக் கண்டன்? றிபாவப் பெத்து ரத்தம் போய்க் கிடக்கக்க, விடிய விடிய எனக்குப் பக்கத்தில நிண்டது அந்த ஆசுபத்திரி நேர்ஸ்மார். நீங்க வாசல்ல நிண்டு அவங்களக் கையெடுத்துக் கும்பிட்டீங்க. நான் கண்டது அதுதான்.

…ஊருக்காகவா? எந்த ஊர்? "கல்முன நம்மட மண், வந்தான் வரத்தானெல்லாம் வெளியே போ" எண்டு நெஞ்சில அடிச்சீங்களே. நீங்க நிந்தவூர். கலியாணம் முடிச்சு ஒரு சூட்கேஸோட கல்முனப் பக்கம், மருதமுனைக்கு வந்த ஆள். நீங்க குந்தியிருக்கிற ஊடு என்ட உம்மா எனக்கு எழுதித் தந்தது. உங்கட பேரில அங்க ஒரு வாழ மரமாச்சும் இரிக்கா?

…ஊட்டுக்கு வரமாட்டீங்களா? வராதீங்க.

இருங்க. கொஞ்சம் இருங்க, ஊசிக்கு வராத தாய் கதவு திறக்கிறா… ஓம் மகள் நிரோஜினி, நான்தான். புள்ளையும் கையிலயா, நல்லாப் பால் குடிக்கிறாரா?… ம்… ம்… இல்ல மகள், கோவிக்கல்ல… தமிழ் மிஸ் ஆரும் இருந்தா… விளங்குது… உங்கட அவர் அப்பிடிச் சொன்னா நீங்க என்ன செய்யிற. விளங்குது மகள்.

…கேட்டுச்சா? ஊசி போட தமிழ் மிஸ் ஒராள் வேணுமாம். இந்தப் புள்ள வயித்தில கிடக்கக்க மாசா மாசம் வந்து பார்த்தவள் நான். இதுட மூத்ததுக்கும் நான்தான் ஊசி போட்டன். நேத்து வரைக்கும் நான் வெறும் மிஸ், இண்டைக்கு முஸ்லிம் மிஸ்… இல்ல, அழல்ல. உங்களுக்காக அழ என்ட கண்ணில தண்ணியில்ல.

இஞ்ச கேளுங்க. வீடியோ தாறன்… ஓம், மெய்யாத்தான். யூனிஃபோமோடயே. என்ன சொல்லப்போறன் எண்டும் கேட்டுக்கங்க. நான் ஸுஹைறா, நேத்து மைக்கில கத்தின ஜெஸீம்ட பொண்டாட்டி. அவர் சொன்னது பொய். ஊசியக் கண்டா அவருக்குத் தல சுத்தும், வைத்தியத்தில அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நாளைக்கும் கிளினிக் இரிக்கும், புள்ளைகளக் கொண்டு வாங்க.

…தலாக்கா? சொல்லுங்க. கோட்டில காதியார் காரணம் கேட்டா என்ன சொல்லுவீங்க, பொண்டாட்டி உண்மையச் சொல்லிட்டாள் எண்டா?

…மரியாதையா? இவ்வளவு நேரமும் நீங்க, நீங்க எண்டுதானே கதைக்கிறன்.

மகள், கதவச் சாத்தாதீங்க. கொஞ்சம் இஞ்சால வாங்க. உங்கட ஃபோன்ல வீடியோ எடுக்கத் தெரியுமா?… ஓம், என்னத்தான் எடுக்கணும். ஒரு கையால ஏலாது மகள், ஆடும். புள்ளைய நான் வச்சிக்கட்டா?… பாருங்க, என்ட கையில ஒண்டுமில்ல. ஊசிப் பேக்க மதிலடியில வச்சிட்டன்…

…சும்மா இருங்க நீங்க, உங்களோட இல்ல கத…

…தாங்க மகள். தலையத் தாங்கிப் புடிச்சிட்டன், விடுங்க… ஆ… வாங்க ராசா, வாங்க.

வைக்கிறன். கையில புள்ள.