பகுதி நேர நாற்காலி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், காகிதம் பறக்கும், எழுதுகிறவளுக்குத்தான் சிரமம். இந்தப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று கேட்டீர்கள். எனக்கு எதையும் கதையாகத்தான் சொல்ல வரும். கொஞ்சம் நீளம்தான், ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. நடுவில் தாகம் எடுத்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

பரிசோதனை நிலையத்தில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ரத்தமோ, சிறுநீரோ, வயிற்றுக்குள் கிள்ளி எடுத்த சதைத் துணுக்கோ, எதைச் சோதித்தாலும் முடிவு என் கை வழியாகத்தான் வெளியே போகும். ரிப்போர்ட் கவுன்டர் என்னுடையது. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு கற்றதெல்லாம் நானாகக் கற்றது. ஆங்கிலத்தையே அந்த ரிப்போர்ட்டுகளை எழுத்துக் கூட்டித்தான் கற்றுக்கொண்டேன். தபால் வழியில் பள்ளி இறுதி, பிறகு பட்டம். ஐம்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் முதுகலை வரலாற்றுக்குச் சேர்ந்தேன், பகுதி நேர மாணவியாக.

பகுதி நேரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. படிப்பு முழுசுதான், மரியாதைதான் பாதி.

பாடங்களுக்குப் பதிவு செய்வதென்றால், முழு நேரத்தாருக்குத் திங்கட்கிழமை காலையில் திறப்பார்கள். எங்களுக்கு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். வியாழன் பதினொன்று என்பது என் கவுன்டரில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் நேரம். ஒரு கையால் உறையை நீட்டிக்கொண்டே மறு கையால் கைபேசியில் தட்டுவேன். சக்கரம் சுற்றும், சுற்றும், பிறகு உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்ளே வரவும் என்று சொல்லும். உள்ளே போனால் இடம் இல்லை என்று சொல்லும்.

ஒரு வருடம் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் அறை பத்து முதல் நாலு வரை திறந்திருக்கும். என் வேலை ஒன்பது முதல் ஐந்து. அடுத்த வருடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், படிவத்தைத் தொலைத்துவிட்டார்கள். அதற்கும் அடுத்த வருடம் ஒரு கட்டாயப் பாடமும் இன்னொரு கட்டாயப் பாடமும் ஒரே மாலையில், ஒரே மணிக்கு. எதை விடுவது என்று கேட்டால், இரண்டும் கட்டாயம் என்று பதில் வந்தது.

பதிவு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற மனிதர். கெட்டவர் இல்லை.

"அம்மா, நீங்க பார்ட் டைம். உங்களுக்கு வியாழக்கிழமைதான்."

"அந்த நேரத்துல நான் கவுன்டர்ல இருப்பேனே தம்பி."

"லீவு போடுங்கம்மா."

"போன வருஷம் போட்டேன். அன்னிக்குப் பாத்து உங்க சர்வர் லீவு போட்டுடுச்சு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

வீட்டில் மகளும் மருமகனும். மருமகன் தங்கமான பிள்ளை, வாய்தான் சும்மா இருக்காது. "அத்தை, ஏழாவது வருஷமா? இந்நேரம் டாக்டராவே ஆகியிருக்கலாமே." மகள் மட்டும் சிரிக்காமல் கேட்பாள்: "இந்த வயசுல பட்டம் வாங்கி எந்த சுவத்துலம்மா மாட்டப் போறே?" எந்தச் சுவர் என்று நான் எப்போதோ பார்த்து வைத்துவிட்டேன். ஆணியும் அடித்தாகிவிட்டது. ஏழு வருடமாக வெறும் ஆணி.

ஏழாவது வருடம் என்பதுதான் விஷயம். அதற்குள் முடிக்காவிட்டால், அதுவரை தேறிய பாடமெல்லாம் செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குப் பாக்கி ஒரே ஒரு பாடம். ஆய்வு நெறிமுறை. வருடத்துக்கு ஒரு முறை, மாலை வகுப்பு, இருபது நாற்காலி. அந்த வியாழக்கிழமை வரிசையில் நின்றவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன். திரையில் வந்தது: காத்திருப்போர் பட்டியல், எண் ஒன்று.

ஒன்று. வாசற்படி ஏறி, கதவில் கை வைத்துவிட்ட மாதிரி. யாராவது ஒருவர் எழுந்து போனால் போதும்.

யார் எழுந்து போவார் என்று பார்ப்பதற்காக முதல் வாரம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பேராசிரியர் தடுக்கவில்லை. நீளப் பின்னல் போட்ட ஒரு பெண், எப்போதும் நகம் கடித்தபடி இருப்பாள். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் போய் அமர்ந்தேன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படிப்பும் ஏறவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். படிப்பு எங்கே போய்விடும், தாய் போனால் வருவாளா என்று கேட்டேன். மூன்று மாலை அப்படிப் பேசினேன். நாலாவது நாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், பாடத்தை மட்டும் அல்ல, படிப்பையே விட்டுவிட்டு. அவள் அம்மாவுக்கு வந்திருந்தது சாதாரணக் காய்ச்சல்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் குமாஸ்தாவிடம் ஓடினேன்.

"அது ஃபுல் டைம் சீட்டும்மா. ஃபுல் டைம் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குத்தான் போகும். காலையிலேயே போயிடுச்சு."

"நாற்காலி நாற்காலிதானே தம்பி?"

"நாற்காலி ஒண்ணுதாம்மா. கணக்கு வேற. இருபதுல உங்களுக்கு நாலு. அந்த நாலுல யாராச்சும் எந்திரிச்சாதான் நீங்க உக்கார முடியும். அதுவும் இருபதாம் தேதிக்குள்ள."

இதை அவர் முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை நான் தொந்தரவு செய்திருக்கவே மாட்டேன். எங்கேயும் எழுதி வைப்பதில்லை. இதுதான் அவர்களோடு வம்பு.

பகுதி நேரத்தார் நாலு பேர். பள்ளி ஆசிரியை, நில அளவையர், நூலகத்தில் வேலை பார்ப்பவர், லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்குக் கலகலப்பான சுபாவம். நாற்பது வயது, இரட்டைப் பெண் குழந்தைகள். எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று கேட்டதும் தன் குறிப்பேட்டையே தூக்கிக் கொடுத்தார். "வச்சுக்கங்கக்கா. என் கையெழுத்து உங்களுக்குப் புரிஞ்சா எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

பதிமூன்றாம் தேதி அவர் என் கவுன்டருக்கே வந்தார். வயிற்றில் எரிச்சல், குழாய் விட்டுப் பார்த்துச் சதை எடுத்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க இங்கயா? நல்லதாப் போச்சு. நல்ல ரிப்போர்ட்டாப் பாத்து ஒண்ணு எடுத்து வையுங்க."

அதே நாள், அதே பரிசோதனைக்கு ஒரு தையற்காரரும் வந்திருந்தார், மனைவியோடு. இரண்டு முடிவும் பதினாறாம் தேதி காலையில் ஒன்றாக மேசைக்கு வந்தன.

எங்கள் நிலையத்தின் ஏற்பாடு ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கு என்ன நோய் என்று உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ரிப்போர்ட்டில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். எண்ணைப் பார்த்து, அதற்குரிய பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாளை உறையின் மேல் ஒட்டுவது நான். நோயாளி வரும்போது அவர் கையில் இருக்கும், பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை வாங்கிக் கம்பியில் குத்திவிட்டு உறையைக் கொடுப்பேன். அதன் பிறகு எந்த எண் யாருடையது என்பதற்கு அந்தச் சீட்டு மட்டும்தான் சாட்சி. நல்ல ஏற்பாடு. முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு முறைகூடத் தப்பாக ஒட்டியதில்லை. இந்த முறையும் தப்பாக ஒட்டவில்லை.

இரண்டையும் படித்தேன். மெக்கானிக்குக்கு வெறும் புண், மருந்தில் ஆறிவிடும். தையற்காரருக்குப் புற்று, ஆரம்ப நிலை. உடனே அறுவை சிகிச்சை தேவை என்று அடியில் கோடு போட்டிருந்தார்கள். ஒட்டுத்தாள் இரண்டும் விரல் நுனியில் இருந்தன. தேதி பதினாறு. இருபதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்.

மெக்கானிக் சாயங்காலம் வந்தார். உறையைப் பிரித்தார். அவருக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை, என்னிடமே நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். அந்த மாதிரிச் சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"என் பொண்ணுங்களுக்கு ஆறு வயசுதாங்கக்கா" என்றார்.

"படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல உடம்பு."

பாடத்திலிருந்து விலகும் படிவத்தை நானே கொண்டுவந்து நிரப்பினேன். எந்த அறை, யார் கையெழுத்து, எத்தனை மணிக்குள் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நான் பட்ட பாடு அவர் படக்கூடாது, பாருங்கள். பத்தொன்பதாம் தேதி மதியம் என் கைபேசிக்குச் செய்தி வந்தது: உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது. ஏழு வருடத்தில் அந்த இயந்திரம் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

தையற்காரர் பதினேழாம் தேதியே வந்திருந்தார். உறையைப் பிரித்து எனக்குப் பின்னால் இருந்த மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த மனைவி, கவுன்டரிலேயே தலை சாய்த்து அழுதாள், சந்தோஷத்தில். "இந்த ஏசில எப்படிக்கா நாள் பூரா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, தையற்காரர் கண்ணாலேயே என் தோளை அளந்தார். அடுத்த வாரம் ஒரு கோட்டு தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது போட்டிருக்கிறேனே, இதுதான். தோளில் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

இருபதாம் தேதி கழிந்ததும் இரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பிறகு விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். உடல்நலக் காரணத்தால் விலகியவர் மூன்று வாரத்துக்குள் தேறி வந்தால் அவர் இடத்தை அவருக்கே கொடுத்துவிட வேண்டுமாம். சரி, மூன்று வாரம் என்று பொறுத்தேன். பிறகு இடைத்தேர்வு வரை பதிவை ரத்து செய்யலாம் என்று ஒரு விதி. பிறகு இறுதித் தேர்வு. பிறகு மதிப்பெண் பட்டியல் வெளியாகும் வரை. என்னைத் தாமதிக்க வைத்தது முழுக்க முழுக்க அவர்களுடைய விதிகள்தான். யாராவது அதை ஒழுங்காக எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மெக்கானிக் வேறு மருத்துவமனைக்குப் போனார். அறுப்பதற்கு முன் அங்கே மறுபடியும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. ஐந்து வாரம் செத்துப் பிழைத்திருந்தார். எங்கள் மேலாளரிடம் வந்து கத்தினார். மேலாளர் என்னைக் கேட்டார், எண் அச்சாவதில் ஏதோ கோளாறு என்றேன். மன்னிப்புக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். இந்த ரிப்போர்ட் இவருடையது இல்லையென்றால் யாருடையது என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படித்தவர்கள் அவர்களே கேட்காதபோது நான் எதற்கு முந்திக்கொண்டு பேச வேண்டும்?

தேர்வில் எனக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பட்டமளிப்பு அன்று மருமகன் கேலியே பேசவில்லை. மகள் சட்டகத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

தையற்காரர் ஒன்பதாவது மாதம் திரும்பி வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அதற்குள் ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள். போன மாதம் போய்விட்டார். அவர் மனைவி பழைய உறையை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள். "இதுல நல்லா இருக்குன்னுதானேக்கா போட்டிருக்கு? அப்புறம் எப்படி?" என்று கேட்டாள். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் குரல் காதில் விழுந்து, புதிதாக வந்த மேலாளர் எழுந்து வந்தார். உறைக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார். கட்டிப் பரணில் போட்டிருந்த பழைய சீட்டுக் கட்டுகளை இறக்கச் சொன்னார். தையற்காரரின் சீட்டில் வேறு எண் இருந்தது. அதனால்தான் இன்று நீங்கள் காக்கிச் சட்டையோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆக, எழுதிக்கொள், கண்ணு. ஒட்டுத்தாளை மாற்றியது நான்தான். கை தவறி மாற்றவில்லை. இரண்டையும் படித்து, தேதியைப் பார்த்து, மாற்றினேன். மெக்கானிக்கைப் பொய் சொல்லி அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினேன். தையற்காரர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆரம்ப நிலை என்று படித்தவள் நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஆனால் ஒன்றை மறக்காமல் சேர்த்துக்கொள். தையற்காரர் வீட்டுக்கு நான் ஒன்பது மாதம் நிம்மதி கொடுத்தேன். பயமில்லாமல் தூங்கி, பயமில்லாமல் சிரித்து இருந்தார்கள். முப்பத்தோரு வருடம் அந்தக் கவுன்டரில் நின்றவள் சொல்கிறேன், எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. அவர் மனைவி ஆற அமர யோசித்தால் அவளுக்கே புரியும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா? பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று போட்டுக்கொள்கிறேன், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள், கிளம்புங்கள். நன்றாக இருங்கள், கண்ணுகளா. பிள்ளை குட்டிகளோடு நூறு வருடம் இருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற சேதியெல்லாம் நல்ல சேதியாகவே வரட்டும்.